டெல்டா கிரீன்: ஒரு டூட்டி டாக்டர் விளையாடிப் பார்த்த திகில் விளையாட்டு



டெங்கு, நாய்க்கடி, சுகர் மாத்திரைன்னு எழுதிட்டிருக்கிற நான் இன்னிக்கு ஒரு விளையாட்டைப் பத்தி எழுதப் போறேன். இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவுல என் தம்பி வாடகைக்கு இருக்கான். கூட மூணு பசங்க. நாலு பேரும் ஒரகடம் சிப்காட்டுல வேற வேற கம்பெனி. ஷிஃப்ட் ஒத்துப்போற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாயை விரிச்சு உட்கார்ந்து பகடை உருட்டுவாங்க. ஒரு வருஷமா நானும் போறேன்.

இதுல பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "ஷட்டர் பாதி திறந்திருக்கு, உள்ளே ஏதோ நகருது, என்ன செய்யறீங்க?"ன்னு அவர் கேட்பார். நீங்க சொல்றதுதான் கதை. சந்தேகமான இடத்துல பகடை முடிவு பண்ணும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்னு பேர். 1974-ல அமெரிக்காவுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல ஆரம்பிச்சது. 1981-ல சாண்டி பீட்டர்சன் எழுதின 'கால் ஆஃப் கதுலு' அதையே திகிலுக்குக் கொண்டு போச்சு. 1997-ல அதுக்குத் துணைநூலா வந்ததுதான் 'டெல்டா கிரீன்'. பிறகு தனி விளையாட்டாவே ஆகிடுச்சு. 2016-ல ஆர்க் ட்ரீம் பதிப்பகம் 'ஏஜென்ட்ஸ் ஹேண்ட்புக்' போட்டாங்க, அடுத்து 'ஹேண்ட்லர்ஸ் கைடு'. முதலாவது ஆடுறவங்களுக்கு, ரெண்டாவது கதை நடத்துறவருக்கு.

கதை நடக்கிறது நம்ம காலம். மந்திரவாதி, வாள் எதுவும் இல்லை. பாத்திரங்கள் எல்லாம் போலீஸ், டாக்டர், ஆய்வாளர் மாதிரி அரசு ஊழியர்கள். மனுஷ அறிவுக்கு அடங்காத ஒண்ணு எங்கேயோ தலை தூக்கும். அதை யாருக்கும் தெரியாம அமுக்கணும். அப்புறம் வீட்டுக்குப் போய் ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிடணும்.

முதல்ல புத்தகங்களைப் பத்தி.

ஹேண்ட்புக் நல்ல புத்தகம். தெளிவா, சுருக்கமா இருக்கு. எனக்குப் பிடிச்ச விதி: பயிற்சி இருக்கு, நேரமும் இருக்குன்னா பகடையே உருட்ட வேண்டாம், வேலை முடிஞ்சதா வெச்சுக்கலாம். நெருக்கடியில மட்டும்தான் உருட்டணும். எழுதினவங்களுக்கு வேலைன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. பகல் வார்டுல வென்ஃப்ளான் போட நான் பகடை உருட்டறதில்லை. ராத்திரி மூணு மணிக்கு, வாந்தி பேதியில ஷாக்ல வந்த ஒரு வயசுக் குழந்தைக்கு வெயின் தேடும்போது உருட்டிக்கிட்டுதான் இருக்கேன். தூங்காம இருந்தா எல்லாத் திறமையிலும் 20 சதவீதம் கழியும்னு இன்னொரு விதி. நைட் டூட்டி பட்டியல் போடுறவங்க யாராவது அந்தப் பக்கத்தைப் படிச்சா தேவலை.

ஹேண்ட்லர்ஸ் கைடு அவ்வளவு சுகமில்லை. அமெரிக்க ரகசிய அமைப்புகளோட கற்பனை வரலாறு 1928-ல இருந்து பக்கம் பக்கமா போகுது. அங்கே இருக்கிறவங்களுக்கு ருசிக்கலாம். நமக்கு எந்த ஏஜென்சி எதுன்னு பிரிச்சுப் பார்க்கவே ஒரு மாசம் ஆகும். தம்பி அதையெல்லாம் ஓரமா வெச்சுட்டான். எங்க ஆட்டத்துல ஏஜென்ட்டுகள் ஒரு வி.ஏ.ஓ., ஒரு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர், 108 ஆம்புலன்ஸ் டெக்னீஷியன், ஒரு அரசு டாக்டர். கதை நடக்கிறது மூடிக்கிடக்கிற ஒரு ஷெட்டும் அதை ஒட்டின ஏரியும். அரசு இயந்திரத்துக்குள்ள ஒரு உண்மையை எப்படிப் புதைக்கிறதுன்னு வி.ஏ.ஓ.வா ஆடுற பையன் காட்டுற வித்தை அந்தப் புத்தகத்துல எங்கேயும் இல்லை.

இப்போ விஷயத்துக்கு வரேன்.

இதுல உங்க பாத்திரத்துக்கு உடம்புக்கு ஒரு மதிப்பெண், மனசுக்கு ஒண்ணு. மனசோட மதிப்பெண்ணுக்கு சானிட்டின்னு பேர். மன உறுதி 12-ன்னா சானிட்டி அதுபோல 5 மடங்கு, அதாவது 60. அது 48-க்கு இறங்கினா ஒரு மனநோய் வந்து ஒட்டும். இன்னொரு பக்கம் 'பாண்ட்'னு ஒண்ணு இருக்கு. மனைவி, மகள், நண்பன்னு நெருக்கமானவங்க பேரை எழுதி, பக்கத்துல ஒரு எண் போடணும். பயங்கரமான ஒண்ணைப் பார்த்து சானிட்டி இறங்கும்போது, நீங்க விரும்பினா அந்த அடியைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். எவ்வளவு குறையுதோ அவ்வளவு ஒரு பாண்ட்ல இருந்து கழியும். நம்ம மேல விழ வேண்டியதை வீட்ல இருக்கிறவங்க மேல இறக்கி வைக்கிறோம். நம்ம பேய்ப் படங்கள் எதுலயும் இவ்வளவு நிஜத்தை நான் பார்த்ததில்லை.

அதைவிட என்னை உலுக்கினது அடுத்த விதி. வன்முறையைப் பார்த்து மூணு தடவை சானிட்டி இழந்து, நடுவுல உடைஞ்சு போகாம தாங்கிட்டீங்கன்னா, நீங்க 'பழகிட்டீங்க'. இனிமே ரத்தத்தைப் பார்த்து சானிட்டி போகாது. நல்லதுதானேன்னு தோணும். ஆனா அதோட ஒரு ஆறு முகப் பகடை உருட்டணும். விழுற எண் மத்தவங்க கூட பழகுற குணத்துல இருந்து நிரந்தரமா போகும், ஒவ்வொரு பாண்ட்ல இருந்தும் போகும்.

எனக்கு 6 விழுந்துச்சு. பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ஒரு ராத்திரி ஞாபகம் வந்துச்சு.

இந்தப் பக்கம் டூட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும், பிரஸ் மெஷின்ல விரல் போய் வர்றவங்களை. இருபது வயசுப் பையன், ரெண்டு விரல் இல்லை. கூட வந்தவன் கேட்டான், "விரல் வந்துடுமா டாக்டர்?" நான் தலை நிமிராம ஏ.ஆர். என்ட்ரி எழுதிக்கிட்டே, "கம்பெனி பேர் சொல்லுப்பா"ன்னேன். எழுதி முடிச்சுட்டு, ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டேன். ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம் இதே மாதிரி ஒருத்தரைப் பார்த்துட்டு டூட்டி ரூம்ல அழுதவதான் நானும்.

அதே வாரம் மகள் விழுந்து முட்டி சிராய்ச்சு வந்து நின்னா. "ஒண்ணுமில்ல போ"ன்னு மொபைல்லயே கண் வெச்சு சொன்னேன். மருத்துவப்படி ஒண்ணுமில்லதான். அவ அப்பாகிட்ட போய்ட்டா.

(விரல் பேச்சு வந்ததால இங்கேயே சொல்லிடுறேன். துண்டான விரலை நேரா ஐஸ்ல போடாதீங்க. சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வெச்சு ஆளோட சேர்த்து உடனே கொண்டு வாங்க. சென்னை ஸ்டான்லியில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு. சீக்கிரம் போய்ச் சேர்ந்தா வாய்ப்பு அதிகம்.)

சரி, குறைக்கு வரேன். இந்த விளையாட்டுல எனக்குப் பெரிய சண்டை மனநோய்ப் பட்டியலோடதான். மன அழுத்த நோய், போதை அடிமை, பாரனோயான்னு வரிசையா இருக்கும். எல்லை தாண்டினதும் அதுல ஒண்ணை எடுத்து பாத்திரத்துக்கு மாட்டணும். நோய்ங்கிறது இங்கே தோத்ததுக்கான தண்டனை. நிஜத்துல டிப்ரஷன் எந்தப் பேயையும் பார்க்காமலே வரும், சம்பளம் வந்த அன்னிக்கும் வரும்.

நம்ம ஊர்ல இது சின்ன விஷயம் இல்லைங்க. 'கீழ்ப்பாக்கம்'ங்கிற ஊர்ப் பேரையே திட்டா மாத்தி வெச்சிருக்கோம். 2005-ல ஒரே வருஷத்துல 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் வந்துச்சு. அதுக்கப்புறம் மனநோய்னாலே ஆள் மாறிக் கொலை பண்றதுன்னு ஒரு எண்ணம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சப்போ 28 பேர் செத்துப் போனாங்க. ஓட முடியல, ஏன்னா சங்கிலியில கட்டிப் போட்டிருந்தாங்க. மனநோய்னு கேட்டா கட்டிப்போடுற ஊர்ல, அதைப் பகடைக்கு வந்த அபராதமா ஆடுறப்ப எனக்குக் கூசுது.

அதனால எங்க வீட்டு விதி: நோய்ப் பேரை யாரும் உச்சரிக்கக் கூடாது. அறிகுறியைத்தான் ஆடணும். "எனக்குப் பாரனோயா"ன்னு கண்ணை உருட்ட முடியாது. "மூணு நாளா தூங்கல, கதவு பூட்டியிருக்கான்னு எழுந்து எழுந்து பார்க்கறேன்"னு சொல்லணும். ஆட்டம் இன்னும் பயமா ஆச்சு, கேலி நின்னுச்சு. மனநல சிகிச்சைக்குப் போற காட்சியும் புத்தகத்துலயே இருக்கு. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லப் போறீங்களா, மறைக்கப் போறீங்களான்னு முடிவு பண்ணணும். இந்த இடத்துல எழுதினவங்களுக்கு ஒரு சலாம். மறைச்சுப் பேசுற நோயாளியைத்தான் நான் தினம் பார்க்கறேன்.

இன்னொண்ணு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எது கதையில வரக்கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லிடணும். முதல் நாள் ஒருத்தன், "தூக்கு மட்டும் வேணாம்ணா"ன்னான். ஏன்னு யாரும் கேட்கல. அதுக்கப்புறம் அது வரவும் இல்லை.

வாங்கலாமா? முதல்ல காசு செலவழிக்காதீங்க. 'நீட் டு நோ'ன்னு ஒரு அறிமுக நூல் இலவசமா பதிப்பகமே தர்றாங்க, கூடவே ஒரு கதையும் இருக்கு. இங்கிலீஷ்தான். ஆனா ஒருத்தர் படிச்சா போதும், மத்தவங்க தமிழ்லயே ஆடலாம். பத்து முகப் பகடை ரெண்டு வேணும், இல்லைன்னா போன்லயே உருட்டலாம். பிடிச்சா ஹேண்ட்புக் வாங்குங்க. ஹேண்ட்லர்ஸ் கைடு அவசரமே இல்லை. சின்னப் பசங்களுக்கு வேண்டாம். சமீபத்துல வீட்ல துக்கம் நடந்தவங்களும், தூக்கமே வராம இருக்கிறவங்களும் இப்போதைக்கு இதைத் தொடாதீங்க.

தூக்கம் வரலைன்னா, மனசு சரியில்லைன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசு சேவை, இலவசம். தமிழ்லயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவும் இருக்கு. ஓ.பி. சீட்டு போடும்போது கூச்சப்படாதீங்க, அந்த வரிசையில உங்களுக்கு முன்னாடி என்னை மாதிரி டாக்டர்களும் நின்னிருக்காங்க.

என் பாத்திரத்தோட பாண்ட்ல மகளுக்கு இப்போ 3 தான் மிச்சம். அடுத்த ஞாயிறு 'வீட்டுக் காட்சி' வருது, என்ன செய்யறதுன்னு யோசிச்சுட்டிருக்கேன். நிஜ மகளோட சைக்கிள் செயின் கழண்டு ஒரு வாரமா வாசல்ல நிக்குது.

விதிகள் பத்தி சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. இன்னிக்கு நைட் டூட்டி, காலையில பதில் சொல்றேன்.