கட்டில் விரித்த கை



கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தர்மபுரி மாவட்டத்தின் ஓரத்திலே, சிட்டிலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா எனும் மருத்துவத் தம்பதியர் அங்கே குடிசையில் மருத்துவமனை கண்டபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு காணாமலே மாண்டன. உலகில் மருந்தா இல்லை? கொண்டு சேர்க்கும் கை இல்லை! அந்தக் கைகளைப் பட்டணத்தில் தேடவில்லை அவர்கள். மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி தந்தனர். 147 என்பது 20 அளவுக்கு இறங்கிற்று.

அன்று கட்டில் விரித்தவள், மூப்பு வந்து நாளை அதே கட்டிலில் படுப்பாள். அருகே நிற்பவர்கள் அவள் கையில் பிறந்த பிள்ளைகள்!

இனி அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். கூடம் கழுவி, குருதி துடைத்து, பிணம் தள்ளிய மூதாட்டி, முழங்கால் வீங்கித் திரும்பி வருகிறாள், நோயாளியாக. சீட்டு உண்டு, மாத்திரை உண்டு, காசில்லாமல்! மறுக்கவில்லை. ஆனால் பணிப்பதிவேட்டில் அவள் பெயர் உண்டா? ஒப்பந்தக்காரரின் ஆளாம் அவள்! ஒப்பந்தக்காரர் மாறினார்; துடைப்பம் பிடித்தவள் மாறினாளா?

2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்த நிரந்தர ஊழியருக்கே பழைய ஓய்வூதியத்தை மறுத்தார்கள். ஒப்பந்தக்காரியின் நிலையைச் சொல்லவா வேண்டும்? படுத்த நாளில் அவள் வீட்டு உலைக்கு அரிசி யார் தருவார்? கருவூலம் தாங்காது என்பர் கணக்கர். அவள் உழைத்த ஆண்டுகளை மருத்துவமனையின் பணியாகவே எண்ணுங்கள், பிறகு கணக்கைக் காட்டுங்கள்!