காணியைப் பூட்டி வைக்காதீர்கள்



ஊர் ஆலயத்திற்கும் பாடசாலைக்கும் உதவி கேட்டு வரும் மடல்களுக்கு நீங்கள் தாராளமாகக் கொடுத்து வருகின்றீர்கள். இன்று நான் பணம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் இருக்கும் தோட்டக் காணியைப் பற்றியே எழுதுகின்றேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். தோட்டத்தில் இடும் யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றும் மலக்குழிகளின் கசிவும் அதே பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்தின் பல கிணறுகள் அதனைக் கடந்திருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அத்தகைய நீர், கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக் கூடியது.

அப்படியாயின் உரத்தை நிறுத்திவிட்டால் போதுமா? 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. போதிய மாற்றுப் பசளை ஆயத்தமாக இருக்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இயற்கை வேளாண்மை தோற்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உளர். வர்த்தமானி அறிவித்தலால் மண் வளம் பெறுவதில்லை என்பதே நான் கண்ட பாடம்.

சூழலியல் வேளாண்மை என்று இன்று உலகம் பேசுவதன் பெரும்பகுதி நம் கமக்காரர் அறிந்ததே. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்ற வேலியிலிருந்து குழை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். பனையோலையைப் புதைத்தார்கள், மாட்டெரு இட்டார்கள், பயிரை மாற்றி மாற்றி நட்டார்கள். ஆனால் குழைக்கு மரம் வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மண் மீள்வதற்குப் பல பருவங்கள் வேண்டும்.

உங்கள் பொறுப்பு தொடங்குவது இங்கேதான். இன்று தோட்டம் செய்பவர்களுள் பலர் பிறர் காணியை ஆண்டுக்கு ஆண்டு, வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவர்கள். அடுத்த ஆண்டு கையில் இருக்குமா என்று தெரியாத மண்ணில் எவர் குழை தாழ்த்துவார்? உரப்பை அந்தப் போகத்திலேயே பலன் தருகின்றது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு பல காணிகளோ பற்றை மண்டிக் கிடக்கின்றன. கதியால் வேலி நின்ற இடத்தில் வெளிநாட்டுப் பணத்தில் மதில் எழுந்துள்ளது.

வலிகாமம் வடக்கில் 1990 முதல் படையினர் வசமான செம்மண் காணிகளுள் ஒரு பகுதி இன்னும் திரும்பவில்லை. அதற்காகக் குரல் கொடுப்பது நீதி. ஆயினும், நம் கையிலிருக்கும் காணியைப் பயனின்றிப் பூட்டி வைத்துக்கொண்டு அக்குரலை எழுப்புவது பொருந்துமா?

குத்தகைக்காரர் உரிமை கோரிவிடுவார் என்பது உங்கள் அச்சம். வீண் அச்சம் என்று தள்ள மாட்டேன். இலங்கைச் சட்டத்தில் உரிமையாளருக்கு எதிரான பத்தாண்டு ஆட்சி உரித்தாக மாறக்கூடும். ஆனால் நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை உறுதி, காணி உங்களுடையது என்பதைக் குத்தகைக்காரரே ஒப்புக்கொள்ளும் சான்று. வாய்ப்பேச்சைவிட அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வயற் காணிக்குத் தனிச் சட்டம் உண்டு; வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள்.

என் வேண்டுகோள் இதுதான். ஐந்தாண்டுக்குக் குத்தகை எழுதுங்கள். முதல் இரண்டு ஆண்டுகள் குத்தகைப் பணத்தைக் குறையுங்கள். அதற்கு ஈடாக வேலியில் மரம் நடவும், குழையும் எருவும் இடவும், உரத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் இணக்கம் காணுங்கள். ஊர்ச் சங்கங்கள் நடத்துவோரும் சிந்திக்க வேண்டும்: சந்தையில் எடையில் பத்து வீதம் கழிவாக வெட்டப்படுவதாகக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிடுகின்றனர். விளைச்சலை நேரே வாங்கி அயலூரிலேயே விற்கும் ஒரு சிறு நிலையம், இன்னொரு வரவேற்பு வளைவைவிடப் பயன் தரும்.

லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வளிக்கப் பணிக்கின்றது. அது ஆறு ஆண்டுகள் உழைத்த நிலத்திற்கான ஓய்வு. அவ்வாண்டில் தானாய் விளைவதும் வேலையாளுக்கும் அந்நியருக்கும் உணவாக வேண்டும். நிலம் இறைவனுடையது, நாம் அதில் தங்கி வாழ்வோரே என்றும் அவ்வதிகாரம் கற்பிக்கின்றது. அந்நிய நாட்டில் தங்கி வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு ஊருக்குச் செல்கின்றவர்கள் திருவிழா முடிந்ததும் காணியைப் போய்ப் பாருங்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். அயலில் தோட்டம் செய்பவரோடு அமர்ந்து பேசுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை