பிளகின் யார் கையில்?

இயக்கத்துக்கு இணையதளம் கட்டுகிற தோழர்கள் கேட்பதெல்லாம் "எத்தனை பிளகின் போட்டிருக்கீங்க?" என்றுதான். அதை யார் எழுதினது, இப்போ யார் கையில இருக்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வேர்ட்பிரஸில் பிளகின் ஒன்று உள்ளே வந்துவிட்டால் மொத்தத் தரவுத்தளமும் அதன் கைக்கு எட்டும். சந்தாதாரர் பட்டியல், பேர் போட வேணாம்னு சொல்லி எழுதினவங்க முகவரி, எல்லாமும்தான்.

2017 டிசம்பரில் வெளியே வந்த சேதி இது. 'கேப்ட்சா' என்ற பிளகின் சுமார் 3 லட்சம் தளங்களில் இருந்தது. எழுதினவங்க அதை வித்துட்டாங்க. வாங்கின கை, வழக்கமான அப்டேட் மாதிரியே கள்ளக்கதவு ஒன்றை வைத்து அனுப்பியது. வாசலில் காவலுக்கு நிறுத்தின பிளகின் அது!

அதனால் நான் கடைசி அப்டேட் எப்போ, உதவி கேட்டவங்களுக்குப் பதில் வருதா, உரிமை கைமாறியிருக்கா என்று பார்க்கிறேன். பத்து வரி நிரலில் முடிகிற வேலைக்குப் பிளகின் போடுவதில்லை. வேண்டாததை நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிட வேண்டும். நிறுத்தினாலும் கோப்பு சர்வரிலேயே கிடக்கும்.

தீம் கதை வேற. ரோமன் எழுத்தை மனசுல வச்சு செஞ்ச பல தீம்களில் தமிழைப் போட்டால் 'கி', 'கீ' கொக்கிகள் மேல்வரியை இடிக்கும். வரி உயரத்தை 1.7 அளவுக்கு ஏத்தினா எழுத்து மூச்சு விடும். அதை மூலத் தீமின் கோப்பிலேயே செய்தால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். தனியாக ஒரு சைல்டு தீம் போடுங்கள்: ஒரு கோப்புறை, உள்ளே ஒரு ஸ்டைல் கோப்பு, அதன் தலைப்பில் மூலத் தீமின் கோப்புறைப் பெயர். அரைமணி நேர வேலை. காசு கொடுத்து வாங்கின தீமா இருந்தாலும் இதைச் செஞ்சுதான் ஆகணும்.