செக்ரோலில் பேர் இருக்கு, ஸ்குவாடில் இல்லை

நவம்பர் 15, சனிக்கிழமை. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நாங்கள் ஆறு பேர். வெளியே மழை. மேசையில் ஆறு பிளேன்டீ, ஒரு போன். போனில் வந்த செய்தி: சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது. சாம்சனுக்கு 18 கோடி. ஜடேஜாவுக்கு 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைப்பு.

அடுத்த ரெண்டு மணித்தியாலம் அந்தக் கடையில் வேறு எதுவும் நடக்கவில்லை. "2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸ், ஃபோர் அடிச்சு கப்பு வாங்கிக் குடுத்தவன்டா, அவனப் போய் விக்கிறதா?" என்று ஒருவன் மேசையில் அடித்தான். "தோனிக்கு அப்புறம் கீப்பர் யாரு? அத யோசிச்சியா?" என்று இன்னொருவன். பத்திரனவை விட்டது சரியா, அடுத்த மாச ஏலத்தில் குறைஞ்ச விலைக்குத் திரும்ப எடுப்பாங்களா, வனிந்துவையும் தீக்‌ஷனவையும் ராஜஸ்தான் ஏன் கழட்டிவிட்டது, பதினேழு வயசில் வந்த ஆயுஷ் மாத்ரே அடுத்த சீசன் முழுக்க ஓபன் பண்ணுவானா... ஆளாளுக்கு ஒரு கணக்கு. கையில் மீதி எவ்வளவு, வெளிநாட்டு இடம் எத்தனை காலி, எல்லாம் விரல் நுனியில்.

கடைக்காரர் அதுவரை பேசவே இல்லை. கிளாஸ் எடுக்க வந்தவர் கேட்டார்: "ஏன் தம்பிகளா, இம்புட்டு லிஸ்ட் போடுறீங்களே, நம்ம பயலுக பேரு எந்த லிஸ்ட்ல இருக்கு?"

நாங்கள் சிரித்தோம். அப்புறம் யாருக்கும் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "படிக்கிற பிள்ளைகளுக்கு கிரிக்கெட் பேச்சு எதுக்கு, வெட்டிப் பேச்சு" என்று சொல்கிற பெரியவர்களோடு நாங்கள் சேரப் போவதில்லை. ஒரு டீமைப் பற்றி இப்படி வாதாடுவதற்கு அறிவு வேண்டும், ஞாபகம் வேண்டும். யார் எந்த இடத்துக்குப் பொருந்துவான், யாரை விட்டால் என்ன நட்டம் என்று நிறுத்துப் பார்க்கிற புத்தி வேண்டும். அது நம்ம பயல்களிடம் தாராளமாக இருக்கிறது. எங்கள் கோபம் அந்த வாதத்தின் மேல் இல்லை. அந்த வாதம் சென்னையிலும் மும்பையிலும் போய் முடிந்துவிடுகிறதே, ஹாலிஎலவுக்கும் பசறைக்கும் பூனாகலைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பி வரமாட்டேன் என்கிறதே, அதன் மேல்தான்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பேர் விழுந்தால்தான் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நம்ம தாத்தா, அம்மாயி, அம்மா என்று எல்லோருடைய பேரும் செக்ரோலில் ஏறியிருக்கிறது. நாட்டின் வாக்காளர் பட்டியலில் இல்லாத காலத்திலும் செக்ரோலில் இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக ஆக்கிய மறுநாளும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டார்கள், ஆட்கள் மலைக்கு ஏறினார்கள். வேலைக்கான பட்டியலில் நம்மை யாரும் மறந்ததே இல்லை. விளையாட்டுக்கான பட்டியலில்தான் மறதி.

ஊவாவுக்கு டீமே இருந்ததில்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது, கப்பும் அடித்தது. 2012இல் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்று ஒன்று நடந்தது. ஏழு டீம். அதில் ஒன்று 'ஊவா நெக்ஸ்ட்'. அந்த வருஷம் ஆகஸ்ட் 31ஆம் தேதி நெகெனஹிர நாகாஸைத் தோற்கடித்து அதுதான் சாம்பியன். ஒக்டோபரில் சாம்பியன்ஸ் லீக் ஆட தென்னாபிரிக்காவுக்கும் போய்வந்தது. எங்களில் மூத்தவனுக்கு அப்போது ஒன்பது வயசு. டிவியில் 'ஊவா' என்று எழுத்தைப் பார்த்ததும் லயத்தில் கத்திக் குதித்தது ஞாபகம் இருக்கிறது என்கிறான்.

இப்போது யோசித்தால் அந்தக் குதிப்பில் வெட்கம் வருகிறது. அந்தத் தொடரின் ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலையிலும் மட்டும் நடந்தன. ஊவாவில் ஒன்றுகூட இல்லை. நம்மூர் பேரை ஜெர்சியில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அந்த லீக்கே நடக்கவில்லை. 2020இல் லங்கா பிரீமியர் லீக் வந்தபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து பேர். ஊவா என்ற பேர்கூட மிஞ்சவில்லை. தேயிலைப் பெட்டியில் 'ஊவா' என்று அச்சடித்து உலகம் முழுக்க விற்கிறார்கள். பெட்டியில் இருக்கிற பேருக்கும் கொழுந்து பறிக்கிற கைக்கும் என்ன சம்பந்தமோ, அதே சம்பந்தம்தான் ஊவா நெக்ஸ்டுக்கும் நமக்கும்.

இதைச் சொன்னவுடனே வருகிற முதல் பதில் நமக்கு மனப்பாடம். "திறமை இருந்தா எங்க இருந்தாலும் வருவான். முரளி வரலையா?"

வந்தார். 800 விக்கெட், 133 டெஸ்ட். அவருடைய தாத்தா தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்தான். எங்கள் நெஞ்சில் அவருக்கு இருக்கிற இடம் யாருக்கும் இல்லை. ஆனால் முரளி எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பா குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தார். பிள்ளை படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பயலுக்கு பதினாலு வயசில் "நீ ஸ்பின் போடு" என்று சொல்ல அங்கே சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, அங்கிருந்து நேராக நாட்டு அணிக்குப் போன ஒரு பேரைச் சொல்லுங்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தோம். ஆறு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. ஐபிஎல் டீம்களின் ரிசர்வ் பந்துவீச்சாளர் வரைக்கும் சொல்லக்கூடிய ஆறு பேர் நாங்கள்!

மலிங்கவை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்கமவில் கடற்கரை மணலில் மென்பந்து போட்டுத் திரிந்த பையன். அவனுடைய வேகத்தைச் சம்பக்க ராமநாயக்க பார்த்தார், காலிக்குக் கூட்டிப்போய் கடினப்பந்தைக் கையில் கொடுத்தார். வியாஸ்காந்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ் மத்திய கல்லூரிப் பையன். அந்தக் கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கிற வடக்கின் பெரும் போர் 1904இல் தொடங்கியது. யுத்தத்தாலும் முழுசாக அழிக்க முடியாத ஒரு கிரிக்கெட் பழக்கம் அங்கே இருந்தது. அதுதான் அவனை 2020இல் ஜப்னா ஸ்டாலியன்ஸுக்கும், 2024இல் வனிந்துவின் இடத்துக்கு ஹைதராபாத்துக்கும் கொண்டுபோனது. போன ஏப்ரலில் பதினாலு வயசில் 35 பந்தில் நூறு அடித்த வைபவ் சூர்யவன்ஷி பீகார்ப் பையன். ரஞ்சிக் கிண்ணத்தில் பல வருஷம் இடமில்லாமல் கிடந்த பீகார் 2018இல்தான் திரும்ப உள்ளே வந்தது. அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் அந்தப் பையன் இன்றைக்கும் தாஜ்பூரில் அப்பாவின் வயலோரம் அடித்துக்கொண்டிருப்பான். யாரும் அவனைப் பற்றி டீக்கடையில் சண்டை போட்டிருக்க மாட்டோம்.

ஆக, திறமை தானாக மலையிறங்கி வருவதில்லை. யாரோ ஒருவர் பார்க்க வேண்டும். பார்க்கிற கண் எங்கே இருக்கிறது? கடினப்பந்து டீம் வைத்திருக்கிற பாடசாலையில் இருக்கிறது. இந்த நாட்டில் கிரிக்கெட்டுக்கு வாசல் பாடசாலைதான். பதின்மூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது வயசுப் பிரிவு என்று படிப்படியாக ஏறினால்தான் தெரிவாளர் கண்ணில் படலாம். நாங்கள் படித்த தமிழ்மொழிப் பாடசாலைகளில் முதல் படியே கிடையாது. மேட்டிங் விக்கெட் இல்லை, மட்டை இல்லை, ஹெல்மெட் இல்லை. விளையாட்டு ஆசிரியர் இருந்தால் அதிர்ஷ்டம்.

எங்களில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரை எழுத வேண்டாம் என்றான். பதினாறு வயசில் தோட்டத்து மைதானத்தில் அவன் போடுகிற பந்தை நாங்கள் யாரும் தொட முடியாது. எங்கோ தெரிவு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கூட்டாளியின் சப்பாத்தை இரவல் வாங்கிக்கொண்டு, விடியக்காலை பஸ்ஸில் போனான். அங்கே கேட்ட முதல் கேள்வி "எந்த ஸ்கூல் டீம்?" டீம் இல்லை என்றான். கடிதம் இருக்கா என்றார்கள். இல்லை. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பின்னேரம் நாலு மணி வரை நின்றுவிட்டு வந்தான். ஒரு பந்து போடவில்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, இனம் பேசவில்லை. பேரை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அன்றைக்கு அவனும் டீக்கடையில் இருந்தான், தீபாவளிக்கு வந்து லீவை நீட்டியிருந்தான். பத்திரனவின் ஆக்‌ஷனைப் பற்றி அதிகம் பேசியவன் அவன்தான்.

இரண்டாவது பதில்: "சம்பளமே ஒழுங்கா இல்ல, இதுல கிரிக்கெட்டா?" இதே மாதம் 7ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தில் 1350 ரூபா நாட்சம்பளம் 1550 ஆகும், வரவுக்கு அரசாங்கம் 200 சேர்த்து 1750 ஆக்கும் என்றார்கள். நல்லது, கையில் வந்தால் சந்தோஷம். ஆனால் நமக்கு எப்போதும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் அனுமதியா? சம்பளம் முடிந்த பிறகு வீடு, வீடு முடிந்த பிறகு காணி, அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு மைதானம் என்றால் நம்ம பேரப்பிள்ளைகளும் தேயிலைக்குள்தான் பந்து தேடிக்கொண்டிருப்பார்கள். 1901இல் தியத்தலாவை முகாமில் வெள்ளைக்காரன் அடைத்துவைத்திருந்த போயர் கைதிகள், கொழும்புக்குப் போய் கோல்ட்ஸ் கழகத்தோடு கிரிக்கெட் ஆடினார்கள். யுத்தக் கைதிக்கே ஒரு மேட்ச் கிடைத்த ஊர் இது. அதே மலையில் அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள் கேட்டால் மட்டும் ஆடம்பரமா?

மூன்றாவது, கொஞ்சம் கசப்பானது. "நீங்கள் இந்தியாவுக்குத்தானே கை தட்டுவீர்கள்?" 2011 ஏப்ரல் 2, உலகக் கிண்ண ஃபைனல். இந்தியாவும் இலங்கையும். முரளியின் கடைசி சர்வதேச ஆட்டமும் அதுதான். அன்றைக்கு லயத்து வீடுகளில் ஒரே டிவிக்கு முன்னால் ரெண்டு டீமுக்கும் ஆள் இருந்தது. அதைத் தேசப்பற்றுப் பரீட்சை ஆக்காதீர்கள். லண்டன் கால்பந்துக் கழகத்துக்குக் கொழும்பில் கத்தினால் ரசனை, சென்னைக்குப் பண்டாரவளையில் கத்தினால் துரோகமா? எங்களை நாட்டு அணியோடு கட்டிப்போட வேண்டுமானால் வழி சுலபம். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் அந்த ஜெர்சியைப் போடட்டும்.

இவ்வளவும் மற்றவர்களுக்கு. இப்போது நமக்கு. எங்கள் குழுவில் இருக்கிற தோழிகள் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டுக் கேட்டார்கள்: "நம்ம பயலுக, நம்ம பயலுகன்னு எழுதியிருக்கீங்களே, புள்ளைங்க எங்க?" 2024இல் தம்புள்ளையில் சமரியின் டீம் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. அதன் ஸ்குவாடைப் பற்றி டீக்கடையில் நாங்கள் ஒரு நிமிஷம்கூட வாதாடியதில்லை. தோட்டத்து மைதானத்தில் பின்னேரம் இடம் எங்களுக்குத்தான், அவர்களுக்கு வரம்பு. பட்டியலில் விட்டுப்போனவர்கள் என்று அழுகிற நாங்களே ஒரு பட்டியல் போட்டபோது பாதிப் பேரை விட்டிருக்கிறோம். அரைப்பேர் போடுகிற துரைக்கும் எங்களுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி என்ன? மாவட்டத் தெரிவுகள் தமிழிலும் அறிவிக்கப்பட வேண்டும். பாடசாலை டீம் இல்லாத பிள்ளை தனியாக வந்தாலும் ஆறு பந்து போடவிட வேண்டும். நாலைந்து தோட்டத்துக்கு ஒன்றாவது மேட்டிங் விக்கெட் வேண்டும். சங்கங்களும் எம்பிமாரும் தேர்தலுக்கு முதல் நாள் ஜெர்சி கொடுத்துப் போட்டோ பிடிப்பதை விட்டுவிட்டு இதைக் கேட்கட்டும்.

நாங்கள் செய்யப்போவது சின்ன வேலை. தைப்பொங்கலுக்குத் தோட்டத் தோட்டமாக மென்பந்துப் போட்டி நடக்கும். கப்பு யாருக்கு என்பது மட்டும்தான் மறுநாள் ஞாபகத்தில் இருக்கும். இந்த வருஷம் ஸ்கோர் புத்தகம் கொண்டுபோகிறோம். எந்தத் தோட்டம், எத்தனை வயசு, யார் எத்தனை ஓவர் போட்டார், யார் எப்படி அடித்தார், எல்லாம் எழுதப்போகிறோம். ஆண், பெண் இரண்டும். சாம்சனையும் ஜடேஜாவையும் நிறுத்த அதே தராசில் பசறைப் பையனையும் லுணுகலைப் பிள்ளையையும் நிறுத்து, இங்கேயே பட்டியல் வெளியிடுவோம். சண்டைக்கு வாருங்கள். "அவனவிட இவன் நல்லாப் போடுவான்" என்று மேசையில் அடியுங்கள். தெரிவாளர்களுக்கு அந்தப் பட்டியலை அனுப்புவோம். அவர்கள் குப்பையில் போட்டால் மறுபடியும் அனுப்புவோம்.

ஸ்கோர் எழுதத் தெரிந்தவர்கள் தேவை. தெரியாவிட்டால் கற்றுத்தருகிறோம். ஓரமாக நாலு மணி வரை நின்றுவிட்டு வந்தவனிடம் கேட்டோம், முதல் புத்தகத்தை அவன்தான் பிடிக்கிறான். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வருவேன் என்று சொல்லியிருக்கிறான்.