பசிக்காத பாஸ்

பாஸ் என்றதும் எழுந்து நிற்காதீர்கள். இது ஆபீஸ் பாஸ் இல்லை, மீன். அமெரிக்க ஏரிகளில் திரிகிற லார்ஜ்மவுத் பாஸ். பெயரே சொல்கிறது, பெரிய வாய். (மற்றபடி ஒற்றுமை எதுவும் இல்லை என்று இங்கேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.)

1971-ல் நெவாடா, அரிசோனா எல்லையிலுள்ள மீட் ஏரியில் முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி நடந்தபோது ஜெயித்தவருக்கு 10,000 டாலர். சமீப வருஷங்களில் 3 லட்சம் டாலர். பி.காம். படித்தவன் என்பதால் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்துவிட்டுத் தொடர்கிறேன்.

பசிக்கிற மீனைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. பாஸ் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மூழ்கிக் கிடக்கிற மரக்கட்டை நிழலில் மத்தியானத் தூக்கம் மாதிரி நின்றுகொண்டிருக்கும்போதுதான் சோதனை. குளிர்காலம் இன்னும் மோசம். தண்ணீரோடு சேர்ந்து மீனின் உடம்புச் சூடும் இறங்கிவிடும். செரிமானம் மந்தம், பசி எப்போதாவது. புழுவை மூக்கருகே தொங்கவிட்டாலும் வேடிக்கை பார்க்கும்.

இங்கேதான் ஜிக் வருகிறது. பார்க்க லட்சணமாக இருக்காது. ஈயக் குண்டு, அதிலிருந்து வளைந்த ஒரு முள், சுற்றிலும் சிலிக்கான் இழையில் குஞ்சலம், பின்னால் கொடுக்கு மாதிரி பிளாஸ்டிக் வால். பாறை இடுக்கில் திரிகிற கிரேஃபிஷ் (நண்டுக் கொடுக்கு வைத்த இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள்) என்று மீன் நம்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு.

புதிதாகப் பழகுகிறவர் ஜிக்கைப் பதவிசாக, மெதுவாக இறக்குவார். பாஸ் அதைக் கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கும். பார்க்க விட்டால் போச்சு, சொத்தையைக் கண்டுபிடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எடையைக் கூட்டுகிறார்கள். கால் அவுன்ஸுக்குப் பதில் முக்கால் அவுன்ஸ், அதாவது சுமார் 21 கிராம். கட்டைக்குப் பக்கத்தில் விழுந்து சர்ரென்று இறங்கும். கண்ணெதிரே ஏதோ ஓடுகிறது, இப்போது விட்டால் போய்விடும்! பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்க நேரமில்லை. வாய் முந்திக்கொள்கிறது. இதற்குத்தான் ரியாக்‌ஷன் ஸ்ட்ரைக் என்று பெயர். தள்ளுபடி விற்பனையின் கடைசி நாளில் நீங்கள் வாங்கிய நாலாவது சட்டையும் இந்த ரகம்தான்.

ஆழமான இடத்துக்கு வேறு வழி இருக்கிறது. டென்னஸி ஆற்று நீர்த்தேக்கங்களில் பிரசித்தம். ஜிக்கைத் தரை வரை விட்டு, கழியை வெடுக்கென்று மேலே சுண்டி, மறுபடி விழவிடுவார்கள். எழும்பும்போது பாஸ் திரும்பிப் பார்க்கும். விழும்போதுதான் பெரும்பாலும் பாயும்.

பாய்ந்துவிட்டால் ஆயிற்றா? இல்லை சார். பாஸ் கடிப்பதைவிட உறிஞ்சுவதே அதிகம். வாயைத் திறந்ததும் தண்ணீரோடு ஜிக் உள்ளே போய்விடும். சாப்பாடு இல்லை என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். கைக்கு வருவது 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டல். சில சமயம் அதுகூடக் கிடையாது. நரம்பு லேசாக ஒரு பக்கம் நகரும், அல்லது தரை வருமுன்பே தொய்ந்து நிற்கும். அந்த நொடியில் இழுக்க வேண்டும். மூக்கைச் சொறியப் போனவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம்.

எல்லா பாஸும் இப்படி ஏமாறுமா என்று இலினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் பார்த்தார்கள். 1970-களில் ஆரம்பித்த ஆராய்ச்சி. பிடித்த மீனுக்கெல்லாம் அடையாளம் போட்டுத் திரும்ப விட்டார்கள். ஒரு மகானுபாவன் ஒரே வருஷத்தில் 16 தடவை மாட்டினான். ஒரு தடவைகூடச் சிக்காதவையும் நிறைய இருந்தன. இரண்டு கோஷ்டியையும் தனித்தனியே வளர்த்து மூன்று தலைமுறை பார்த்ததில், மாட்டிக்கொள்கிற குணம் பரம்பரையாக வருவது தெரிந்தது. 2009-ல் எழுதினார்கள்.

2012-ல் வந்த முடிவுதான் என்னை உறுத்துகிறது. சுலபமாக மாட்டுகிற ஆண்கள்தான் நல்ல அப்பாக்களாம். பாஸ் குடும்பத்தில் பிள்ளை வளர்ப்பு அப்பா பொறுப்பு. வசந்த காலத்தில் கரையோரம் வாலால் கூட்டிப் பள்ளம் பண்ணுவார். அம்மா முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாள். இவர் சரியாகச் சாப்பிடாமல் காவல் நிற்பார், கிட்டே எது வந்தாலும் பாய்வார். அந்தக் கூட்டில் ஜிக்கை இறக்கினால் உடனே கவ்வுவார். அது பசியும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. காவல்காரன் கடமை. அவரைத் தூக்கிப் போட்டோ எடுப்பதற்குள் புளூகில் மீன்கள் முட்டைகளைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

சில மாநிலங்களில் முட்டைக் காலத்தில் பாஸ் பிடிக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. பிடித்த மீனை உயிரோடு விடும் பழக்கத்தைப் போட்டிகளில் 1972 முதல் பரப்பியவர் ரே ஸ்காட். நல்ல மனிதர். கட்டை நிழலில் தூங்குகிற பாஸை எழுப்பிப் பிடிப்பவருக்கு நானும் கை தட்டுவேன். கூட்டின் மேல் ஜிக் இறக்குகிறவருக்கு 3 லட்சம் டாலர் கிடைத்தாலும் தட்ட மாட்டேன். போட்டியில் எடை போடுவதற்காகத் தொட்டித் தண்ணீரில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள், பத்திரமாகத்தான் விடுகிறார்கள். ஆனால் விடுகிற இடம் மேடைக்குப் பக்கத்தில். கூடு ஏரியின் அந்தக் கோடியில்.