அணிலுக்குச் சரணாலயம், மின்மினிக்கு ஹைமாஸ்ட் விளக்கு

போன மாசம் திருவில்லிபுத்தூர்ல ஒரு கல்யாணம். பால்கோவா வாங்கின கையோட செண்பகத்தோப்பு போனோம். சாம்பல் நிற அணிலைப் பார்த்தே ஆகணும்னு பையன் ஒத்தக்கால்ல நின்னான். முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்ததுல ஒண்ணே ஒண்ணு தரிசனம் குடுத்துச்சு. வாலே ஒரு முழம் இருக்கும். இதுவும் எலிக்குச் சொந்தம்தான்னு சொன்னா பையன் நம்பல :-)

கிளையும் கிளையும் கோத்துக்கிட்டு நின்னாத்தான் இதுக்கு நடமாட்டம். நடுவுல நாலு மரத்தை வெட்டினா ரோடு கட். 1988லயே இதுக்குன்னு சரணாலயம் அறிவிச்சாச்சு. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இடம். 2021ல அந்தக் காடு மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகமாவும் ஆயிடுச்சு. சந்தோஷம்.

ஒரகடம் திரும்பி நைட் ஷிப்ட் பஸ்ல உக்காந்தப்போ மின்மினி ஞாபகம் வந்துச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2006ல இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப வல்லக்கோட்டை பக்கம் ரூம். ராத்திரி ஏரிக்கரையில சைக்கிள் மிதிச்சு வந்தா கருவேல மரமெல்லாம் விட்டு விட்டு மின்னும். இப்ப அதே கரையில ஹைமாஸ்ட் விளக்கு. போதாக்குறைக்கு குடோன் காம்பவுண்டு விளக்கு வேற. மின்மினி பார்த்து வருஷக்கணக்காச்சு.

மின்மினிக்கு வெளிச்சம்தான் பேச்சு. ஆண் பறந்துக்கிட்டே சிமிட்டும், பெண் பதில் சிமிட்டும். பக்கத்துல பெரிய விளக்கு எரிஞ்சா சிக்னல் தெரியாது, ஜோடி சேராது, அவ்ளோதான். அதோட புழு ஈரமண்ணுல நத்தையைத் தின்னு வளர்றது. கரையை சிமெண்ட் பூசினா அதுவும் போச்சு. மலேசியாவுல கோலா சிலாங்கூர் ஆத்தங்கரையில ஜனங்க படகுல போய்ப் பார்க்கற மின்மினி இனமே ஐ.யு.சி.என் சிவப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு. உலகத்துல 2000க்கு மேல மின்மினி இனம் இருக்கு. அவங்க மதிப்பீடு பண்ணினது அதுல கொஞ்சம்தான்.

ரெண்டுல எதுக்காக அதிகம் கவலைப்படணும்னு கேட்டா, மின்மினிக்குன்னு சொல்வேன். அணிலுக்குக் காடு வேணும், சர்க்கார் வேணும், காசு வேணும். இதுக்கு விளக்கைக் கீழ பார்த்துத் திருப்பி, மேல ஒரு மூடி போட்டாலே பாதி வேலை முடிஞ்சது. பஸ் ஸ்டாப்பை இருட்டாக்கச் சொல்லலை மக்களே, ஷிப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணுங்களுக்கு அந்த வெளிச்சம் கண்டிப்பா வேணும். ஆளே நடக்காத ஏரித் தண்ணிக்கு எதுக்கு?

குடோன் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட இதையே கேட்டேன்.

"பாம்பு வரும் சார்."

"வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குத்தாண்ணே பாம்பு வருது."

சிரிச்சார். விளக்கு நேத்தும் எரிஞ்சுது.