ரிசப்ஷனில் நீங்கள் யார்?

அலுவலக வேலையாகச் சென்னை போகும் நம்மவர்களுக்கு ஒரு வேடிக்கையான நிலைமை. ஹோட்டல் ரிசப்ஷனில் தமிழில் பேசும்வரை நாம் உள்ளூர்க்காரர். சிவப்புக் கடப்பிதழை நீட்டியதும் வெளிநாட்டவர்!

வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையம்வழி அனுப்ப வேண்டும். அது இந்தியச் சட்டம். பெரிய ஹோட்டல்களுக்கு இது அன்றாட வேலை. நடுத்தர ஹோட்டல்கள் சிலவற்றில் அந்தப் பதிவு வசதியே இருக்காது. இருந்தாலும், இரவுப் பணியில் இருக்கும் தம்பிக்கு அதை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டுமே! அறைக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருப்போம். நள்ளிரவில் போய் நின்றால், “ஃபாரினர்ஸுக்கு ரூம் தர்றதில்ல சார்” என்பார். காலை 9 மணிக்குக் கூட்டம். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த நேரத்தில் எழும்பூரில் வேறு அறை தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

அதனால், முன்பதிவு செய்த கையோடு ஹோட்டலுக்கே போன் போடுங்கள். “சிங்கப்பூர் பாஸ்போர்ட். ஃபாரினர்ஸ் ஃபார்ம் போடுவீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். கடப்பிதழ், விசா நகல்கள் கையில் இருக்கட்டும். வைஃபைக்கான ஓடிபி நம் எண்ணுக்கு வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மற்றபடி, குறை சொல்ல எனக்கு மனம் வராது. சுடுநீர் வரவில்லையா? கீசர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கும். காலையில் இட்லி, வடை, சாம்பார் பிரமாதம். காப்பியில் சீனி குறைவாக வேண்டுமென்றால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.